கூட வேலை செய்தவருக்குப் பதவி உயர்வு

ரயில் தண்டவாளத்தைப் பராமரிப்பது கடினமான வேலை. அது கூட்டு வேலையும்கூட. மற்றவர்கள் குனிந்து வேலை செய்வார்கள். ஒருவர் மட்டும் ரயில் வருகிறதா என்று பார்ப்பார். அவர் விசில் ஊதினால் எல்லாரும் விலகுவார்கள். ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கிறது.

இவர்களில் அனுபவம் உள்ளவர் கீமேன் ஆவார். அவர் தினமும் தண்டவாளத்தோடு நடப்பார். கழன்ற கிளிப்புகளைச் சரிசெய்வார். குழுவின் தலைவர் மேட்.

நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்று மேட் ஆகிவிட்டார். இன்னொருவருக்கு வயிறு எரிகிறது. "எனக்கு என்ன குறை?" என்று நினைக்கிறார். அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அவர் பேச்சையே நிறுத்திவிடுகிறார். அங்கேதான் ஆபத்து. பேச்சு நின்றால் எச்சரிக்கையும் நின்றுவிடும்.

அவர் என்ன செய்யலாம்?

முதலில் விவரம் கேட்க வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் தன் பெயர் எங்கே இருக்கிறது? பதவி உயர்வுக்கு என்ன விதி? இதை மேலதிகாரியிடம் கேட்கலாம். தொழிற்சங்கத்திலும் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பட்டியல் சரி என்றால் மனம் ஆறும். அடுத்த முறைக்குத் தயாராகலாம். தவறு இருந்தால் முறையிடலாம். அது பொறாமை அல்ல, உரிமை.

அதுவரை தண்டவாளத்தில் பேச்சு நிற்கக் கூடாது.