காது ஒடிந்த யாளி

எதிர்வீட்டு மாமி புது வீணை வாங்கினார். ஒட்டு வீணைதான், பாலிஷில் முகமே தெரியும்! என்னுடையது அம்மா வாசித்து, எனக்குச் சீதனமாகத் தந்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணை. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது. கறுத்துப்போய், யாளிக்கு ஒரு காதுகூட இல்லை. வெட்கப்பட்டு, அதைக் கொடுத்துப் புதுசு வாங்கக் கடையில் பேசியும்விட்டேன்.

நவராத்திரி கொலுவில் இரண்டையும் அடுத்தடுத்து மீட்டினோம். மாமியுடையது கணீரென்று கேட்டது. ஆனால் சட்டென்று அடங்கியது. என்னுடையதில் தந்தியை இழுக்க இழுக்க நாதம் நின்றது. ஓரிரு மெட்டுதான் அபசுரம் பேசியது.

"இதையாடி தள்ளிவிடப் பார்த்தே?" என்று மாமி கோபித்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். 24 மெட்டுக்கும் புது மெழுகு வைத்து மேளம் கட்ட ஆள் வருகிறார். யாளியின் காது மட்டும் அப்படியே இருக்கட்டும். சின்ன வயசில் ஒடித்தது நான்தானே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.