கார் தூங்கும் ஆறு மாதம்

அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின வாரம் சாத்தூர் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெண்ணுக்குப் பிரசவம். அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்குப் புறப்படுகிறார்கள். கூடத்தில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. ஒன்றில் சேவு, இன்னொன்றில் சாம்பார்ப் பொடி, பிரசவ லேகியம், உப்பு நார்த்தங்காய். எடை கூடிவிட்டது என்று ஒரு பொட்டலத்தை எடுப்பதும், மனம் கேட்காமல் மறுபடி திணிப்பதுமாக நடக்கிறது.

பால்காரரிடம் சொல்லியாயிற்று. துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு மதினி ஏற்றுக்கொண்டாயிற்று. எல்லாம் சரி. கொட்டகையில் நிற்கிற காரை யாராவது நினைத்தார்களா?

"அது பாட்டுக்கு நிக்கட்டும். தீனியா கேக்கப் போகுது?" என்கிறார் வீட்டுக்காரர்.

அங்கேதான் தவறு. மாடாவது பசித்தால் கத்தும். கார் சத்தமே போடாமல் கெட்டுப்போகும். ஓடித் தேய்வது ஒரு விதம் என்றால், நின்று கெடுவது இன்னொரு விதம்.

'கார் சமாசாரம் நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊறுகாய் ஜாடியை ஈரமில்லாமல் துடைத்து, வேடு கட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

ஒரு வாரம் முன்னால்

முதலில் குளியல். உடம்பில் ஒட்டிய கரிசல் மண்ணும் பறவை எச்சமும் அப்படியே இருந்தால் வர்ணத்தை அரித்துவிடும். கழுவி, ஈரம் போக நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஒரு சேவுத் துணுக்குகூட இருக்கக் கூடாது. நமக்கு ருசியானது எலிக்கும் ருசியானதுதான்! தின்ன வந்த எலி சும்மா போகாது. மின்கம்பிகளையும் கடித்து வைக்கும். எலி விஷம் மட்டும் வைக்காதீர்கள். தின்ற எலி காருக்குள்ளேயே செத்துவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறப்பவர் பாடு திண்டாட்டம்.

அடுத்தது எண்ணெய். ஓடின எஞ்சின் எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். பட்டறையில் சொல்லிப் புது எண்ணெய் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் தொட்டியைக் காலியாக விடக் கூடாது. காலி இடத்திலுள்ள காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஆகவே தொட்டியை ஏறக்குறைய நிரப்பி வைப்பதே நல்லது. பெட்ரோல் பழசாகிக் கெடாமல் காக்க ஒரு திரவம் விற்கிறார்கள். ஆறு மாதம் நிற்கப் போகிற காருக்கு அதையும் ஊற்றலாம்.

காகிதங்களையும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் நீங்கள் இல்லாத காலத்தில் முடிகிறதென்றால் இப்போதே வழி செய்யுங்கள். முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், விபத்தில்லாமல் ஓட்டியதற்காக இத்தனை வருஷம் சேர்ந்த தள்ளுபடி கைவிட்டுப் போகும். திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கும் நஷ்ட ஈடு கிடைக்கிற முழுப் பாலிசியா என்றும் கவனியுங்கள். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கொட்டிய மழை யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது? ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் மேடான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

நம் பக்கத்துக்கென்று தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சல்லிசாகக் கிடைத்ததென்று வாங்கிய பட்டாசுப் பெட்டிகளைக் கார்க் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். தொட்டி நிறையப் பெட்ரோல் நிற்கிற இடம் அது!

புறப்படும் முதல் நாள்

டயர்களில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றடியுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். காற்று குறைந்த டயர் மாதக் கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கே தட்டையாகிவிடும்.

கை பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், துருவேறி ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்லோ கட்டையோ அண்டை கொடுத்தால் போதும். போர்வை துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் படுதா உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். கார் நின்றாலும் அதன் கடிகாரமும் பூட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடியோடு வற்றிய பாட்டரி பல சமயம் பிழைப்பதில்லை.

பூட்டினீர்களா?

பாட்டரியைக் கழற்றியதும் பொத்தான் சாவி வேலை செய்யாது. 'வீட்டுக் கொட்டகைதானே' என்று அப்படியே சாத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாட்டரியோ எஞ்சினோ போனால் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இது அப்படிப்பட்டதல்ல.

2022 ஜூனில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில், நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிரிழந்தார்கள். சாத்தூர் வழியே தெற்கே போகிற அதே நெடுஞ்சாலையில்தான் பணகுடி இருக்கிறது. 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் அருகே துவாரபூடியில் நான்கு குழந்தைகள் இதே விதமாகப் போய்விட்டார்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள், ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி வரை உஷ்ணம் ஏறிவிடும். பெரியவர்களைவிடப் பிஞ்சு உடம்பு வெகு சீக்கிரம் சூடேறும்.

நம் தெருப் பிள்ளைகளுக்கு ஓடாத கார் என்றால் பஸ் விளையாட்டுக்கு வாய்த்த பஸ்! ஆகவே பொத்தான் சாவிக்குள்ளேயே செருகியிருக்கும் உலோகச் சாவியை எடுத்து நீங்களே பூட்டுங்கள். நான்கு கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். 'போர்வைக்குள்ளே பிள்ளைகள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்து வீட்டு மதினியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நீங்கள் இல்லாதபோது

'வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்' என்று மருமகனிடம் சொல்லாதீர்கள். அந்த ஐந்து நிமிஷம் பாட்டரியைக் குறைக்குமே தவிர நிரப்பாது. எஞ்சினும் சரியாகச் சூடேறாது. ஓட்டுவதென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவர் பாட்டரியை மாட்டி, சிவகாசி வரை போய்த் திரும்பட்டும். அப்படி நம்பகமான ஆள் இல்லையா? தூங்குகிற காரை எழுப்பாமல் விடுவதே மேல்.

திரும்பி வந்ததும்

பேரன் படங்களை ஊருக்கெல்லாம் காட்டி முடித்த மறுநாள், பானெட்டைத் திறந்து எலிக் கூடு, கடித்த கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரியை மாட்டி, டயரில் காற்றைப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். அண்டைக் கல்லை எடுக்க மறக்க வேண்டாம்! முதல் பயணத்தில் மெள்ள ஓட்டி, பிரேக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் தூங்கிய கார் ஒரு செருமலோடு விழித்துக்கொள்ளும். முதல் சவாரியாக இருக்கன்குடி மாரியம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள். துளசியைக் காத்த மதினியையும் கூட அழைத்துப் போங்கள். முன் சீட்டு அவருக்குத்தான்!