முதுமையிலும் உடல் உறுதி

சண்டிகரில் மான் கௌர் என்ற பாட்டி வாழ்ந்தார். 93 வயதில்தான் அவர் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கினார். மகன் ஊக்கம் கொடுத்தார். 2017-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் மூத்தோருக்கான உலகப் போட்டி நடந்தது. அதில் 100 மீட்டர் ஓட்டத்தை 74 வினாடிகளில் ஓடி முடித்தார். தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 101.

எல்லோரும் போட்டியில் ஓட வேண்டியதில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்தே இருக்கக் கூடாது. ஏன்?

வயது ஏற ஏறத் தசை மெலியும். எலும்பு வலுவிழக்கும். உடலுக்கு வேலை இல்லாவிட்டால் தசை இன்னும் விரைவாக மெலியும். கால் தள்ளாடும். வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். பிறகு குளிப்பதற்கும் பிறர் உதவி வேண்டும்.

இதைத் தடுக்க வழி உண்டு.

வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் சற்று வேகமாக நடக்க வேண்டும். முடியாதவர் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம்.

கால் வலுப்பெற, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். கையை ஊன்றாமல் எழுவது நல்லது.

தள்ளாட்டம் குறைய, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும்.

இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் நாள் 5 நிமிடம் நடந்தாலும் போதும். மறுநாளும் நடப்பதே முக்கியம்.