நடுக்குவாதம்: விழாமல் காப்போம்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராததால் அபராதம் எழுதியிருந்தது. சேமிப்பையும் கடன் தவணையையும் மட்டும் மகளிடம் ஒழுங்காகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கே போய்க் கேட்டோம்.

"வரக்கூடாதுன்னு இல்ல மேடம். அத்தைய தனியா விட்டுட்டு வர பயமா இருக்கு. போன மாசம் மட்டும் ரெண்டு தடவை விழுந்துட்டாங்க" என்றார்.

அவருடைய மாமியாருக்கு வலது கை நடுங்கும். நடை சிறுத்துவிட்டது. திரும்பும்போது அப்படியே சாய்ந்துவிடுவார். "வயசாச்சு, பார்த்து நடக்க மாட்டேங்குறாங்க" என்று வீட்டில் எல்லோரும் அவரையே குறை சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் இது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. நம் ஊர்ப்பக்கம் நடுக்குவாதம் என்பார்கள். இந்த நோயில் விழுவது கவனக்குறைவால் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, குறைக்க வழியும் இருக்கிறது.

ஏன் தடுமாறுகிறது?

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கு வந்தது. மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் இது வருகிறது. நம் அசைவுகள் சீராக நடக்க டோபமின் வேண்டும்.

நாம் தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறோம். ஒவ்வொரு எட்டையும் யோசித்தா வைக்கிறோம்? கால் வழுக்கினால் மறு கால் தானாக முன்னே வந்து ஊன்றிக்கொள்ளும். பார்க்கின்சன் நோயில் 'தானாக' நடக்கும் இந்த வேலைதான் குறைகிறது. உடல் விறைத்து, முன்பக்கம் குனிந்து, எட்டு சிறிதாகிறது. சாயும்போது கால் ஊன்றத் தாமதமாகிறது.

எப்போது விழுகிறார்கள்?

- சட்டென்று திரும்பும்போது.
- வாசற்படி, குறுகலான இடம் வரும்போது. கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னே போகும்.
- ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது. சொம்பைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே நடப்பது.
- படுக்கையிலிருந்து திடீரென்று எழும்போது. இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.
- மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால்தான் விழுவார்கள். "நில்லுங்க அத்தை" என்று நிறுத்துங்கள். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் கால் பெயரும். தரையில் குறுக்குக் கோடு இருந்தால் அதைத் தாண்டும் எண்ணத்தில் பலருக்குக் கால் எளிதாக வரும். நின்றுபோகும் இடத்தில் ஒரு எட்டு தூரத்துக்கு ஒன்றாகப் பெயிண்டால் நாலைந்து கோடு போடலாம்.

திரும்பும்போது மாட்டுவண்டி திரும்புவதுபோல அகலமாகச் சுற்றித் திரும்பச் சொல்லுங்கள். எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். சாக்கு, கால்மிதி, தொங்கும் ஒயர் இவற்றை நடைபாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிக்கும் இடத்திலும் கழிப்பறையிலும் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவில் ஒரு சின்ன விளக்கு அவசியம்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். இடுப்பு வலியோ தலையில் அடியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையில் கவனம்

லெவோடோபா என்ற மாத்திரைதான் இந்த நோய்க்கு முக்கியமானது. குறித்த நேரம் தவறக்கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. பருப்பு, பால், முட்டை, கறியில் உள்ள புரதம் சிலருக்கு இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, தலைசுற்றல் என்று கடையில் நாமே மாத்திரை வாங்கக் கூடாது. மெட்டோகுளோபிரமைடு, சின்னரிசின் போன்றவை இந்த நோயின் தொல்லையைக் கூட்டும்.

மாத்திரை விறைப்பையும் மெதுவான அசைவையும் நன்றாகக் குறைக்கும். தடுமாற்றத்தை அந்த அளவுக்குக் குறைக்காது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

செல்போனில் பயிற்சி

இங்கேதான் சிக்கல். பிசியோதெரபி செய்ய டவுனுக்குப் போக வேண்டும். பஸ் ஏறி இறங்குவதே ஆபத்து. கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். நாங்கள் மருத்துவமனையில் கேட்டபோது, முதல் தடவை நேரில் பரிசோதித்துவிட்டு, பிறகு வாரம் ஒரு நாள் வீடியோ காலில் பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் சம்மதித்தார்.

2020-ல் பள்ளிகள் மூடியபோது நம் பிள்ளைகள் செல்போனில் பாடம் படித்தார்களே, அதே முறைதான். சில விஷயங்கள் கவனிக்க வேண்டும்:

- போனைக் கையில் பிடிக்காமல் பானை மீதோ அலமாரியிலோ சாய்த்து வையுங்கள். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும்.
- வெளிச்சம் முகத்துப் பக்கம் விழட்டும்.
- கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிடித்துக்கொள்ள அது உதவும்.
- பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். போனில் இருப்பவரால் தாங்கிப் பிடிக்க முடியாது.
- மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
- யூடியூபில் வேறு யாருக்கோ சொன்ன பயிற்சியைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னவை எளிமையானவை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்துவது, பெரிய எட்டு வைப்பது. பேத்தி போனைப் பார்த்துக்கொண்டாள், மருமகள் பக்கத்தில் நின்றார்.

எங்கே உதவி கேட்கலாம்?

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு. நம்மைப் போன்ற குழுப் பெண்கள் பலர் அதில் தன்னார்வலராக இருக்கிறார்கள். அவர்களிடம் பெயர் கொடுங்கள். இ-சஞ்சீவனி மூலம் போனிலேயே இலவசமாக மருத்துவரிடம் பேசலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குழு என்ன செய்தது?

அடுத்த கூட்டத்தை அந்த உறுப்பினர் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினார்கள். அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்மானம் எழுதினார்கள். கைப்பிடிக் கம்பி வைக்க உள்கடன் கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு ஒருவர் மாற்றி ஒருவர் போய் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் மருமகள் ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ போய்வருகிறார்.

நோய் குணமாகவில்லை. அதன் பிறகும் ஒரு தடவை குளிக்கும் இடத்தில் சாய்ந்திருக்கிறார். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "முன்னாடி என்னைத் திட்டுவாங்க, இப்ப கூட நின்னு எண்ணுறாங்க" என்று சிரித்தார்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீடுகள்ல யாராவது அடிக்கடி விழுறாங்களா?" யாராவது தொடர்ந்து கூட்டத்துக்கு வரவில்லையென்றால், அபராதம் எழுதும் முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாருங்கள்.