நிலைக்கண்ணாடி நீதிபதி அன்று

பட்டாடையும் மின்னொளியும் சூழ மேடையிலே நடந்துவரும் ஓர் இளநங்கையைப் படத்திற் காண்போர், அவளுக்கென்ன குறை என்றே எண்ணுவர். ஆனால், ஆடையலங்கார மொடலாகத் தொழில் புரியும் இளம் பெண்கள் பலர், தம் உருவத்தையிட்டு நாள்தோறும் ஐயுற்று வருந்துகின்றனர் என்பதே உண்மை. இது விந்தையாகத் தோன்றலாம். காரணத்தை ஆராய்ந்தால் விந்தை நீங்கும்.

மற்றைய தொழில்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், தகைமை போதவில்லை என்றோ, அனுபவம் இல்லை என்றோ மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மொடல் பெண்ணின் நிலை வேறு. தன் புகைப்படத் தொகுப்பைக் கையிலேந்தி இடத்துக்கு இடம் செல்கிறாள். வரிசையிற் காத்து நிற்கிறாள். சில நிமிடம் நடந்து காட்டுகிறாள். "நன்றி" என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்படுகிறாள். பதினாறு, பதினேழு வயதிலே, பெற்றோரைப் பிரிந்து அந்நிய நகரிலே வாழும் பெண், தன் நிறத்தையும் இடையையும் மூக்கையும் அன்றி வேறு எதனை நொந்துகொள்வாள்?

இங்கே நாம் ஒரு பெண்ணின் வரலாற்றை நினைவுகூர விரும்புகிறோம்.

1977 ஆம் ஆண்டு தென் சூடானின் வாவ் நகரில், டிங்கா இனத்தவரின் குடும்பமொன்றிலே பிறந்தவர் அலெக் வெக். சிறு வயதிலே, தோல் வெடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் நோயினால் அவர் பெரிதும் துன்புற்றார். உள்நாட்டுப் போர் அக்குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தியது. 1991 இல் அகதியாக இங்கிலாந்து சேர்ந்த அச்சிறுமி, 1995 இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் பகுதியில் திறந்தவெளிச் சந்தையொன்றில் நின்றபொழுது, மொடல்களைத் தேடுவோர் ஒருவரின் கண்ணிற் பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1997 நவம்பரில், 'எல்' சஞ்சிகையின் அமெரிக்கப் பதிப்பு அவரது கரிய திருமுகத்தை அட்டையிலே தாங்கி வந்தது.

வெண்ணிறமே அழகென்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அலெக் வெக்கோ தம் நிறத்தையும் மழித்த தலையையும் மறைக்க முயலவில்லை. 2014 இல் ஒஸ்கார் விருது பெற்ற கென்ய நடிகை லுப்பிற்றா நியோங்கோ, தம் இளமையில் நிறம் மாறவேண்டுமென்று இறைவனை வேண்டியதையும், அலெக் வெக்கை உலகம் போற்றக் கண்டபின் தம் நோக்கு மாறத் தொடங்கியதையும் அவ்வாண்டே மேடையிற் கூறினார். ஒரு பெண்ணின் தன்னம்பிக்கை, அவள் காணாத மற்றொரு பெண்ணுக்கும் ஊன்றுகோலாயிற்று.

நிராகரிப்பின் பொருளையும் நாம் உணர்தல் வேண்டும். 1966 இல் மெலிந்த உடலும் குட்டைக் கூந்தலும் உடைய 'ட்விகி' என்னும் ஆங்கிலச் சிறுமியை உலகம் கொண்டாடியது. பின்னர் 1980 களில் உயர்ந்து உரமான தோற்றம் விரும்பப்பட்டது. ஆகவே, தெரிவுசெய்வோர் இன்று வேண்டாமென்பது அந்தப் பருவத்து ஆடைக்கு உரிய அளவையேயன்றி, அந்தப் பெண்ணையன்று. மாறும் இரசனையை மாறாத தீர்ப்பாகக் கொள்வது பேதைமை.

அவ்வாறு கொண்டதால் நேர்ந்த அவலமும் உண்டு. 2006 நவம்பரில் அனா கரோலினா ரெஸ்டன் என்ற பிரேசில் நாட்டு மொடல், உணவை வெறுத்தொதுக்கும் நோயினால் 21 ஆவது வயதிலே உயிர்நீத்தார். அதற்கு முன்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில், மட்ரிட் நகரத்து ஆடையலங்காரக் காட்சியினர், உடல் நிறைச் சுட்டெண் 18 இற்குக் குறைந்தோரை மேடையேற்ற மறுத்தனர். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 55 கிலோகிராம் நிறையாகும். பிரான்சிலே 2017 முதல், மொடலாகப் பணிபுரிவோர் உடல்நலம் குறித்த மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும். உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படங்களில் அவை திருத்தப்பட்டவை என்ற குறிப்பும் இருத்தல் வேண்டும். நம் பெண்கள் பொறாமையோடு நோக்கும் படங்களிற் சில, அப்படத்திலுள்ள பெண்ணுக்கே சொந்தமல்லாதவை என்பதை இச்சட்டம் சொல்லாமற் சொல்கிறது. சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்.

எனின், இத்தொழிலை நாடும் யுவதி செய்யத்தக்கது யாது? பசித்தபொழுது உண்க, களைத்தபொழுது உறங்குக. கல்வியைக் கைவிடாதிருக்க, மேடை சில ஆண்டுகளே நிலைக்கும், கல்வி ஆயுள்வரை உடன்வரும். குறித்த நேரத்துக்கு வருதல், நடையிற் பயிற்சி, பொறுமை ஆகிய தன் வசப்பட்டவற்றால் தன்னை மதிப்பிடுக. மனம் ஒவ்வாத உடைக்கும் செயலுக்கும் "மாட்டேன்" என்று சொல்லப் பழகுக. அவ்வாறு சொல்வதால் ஒரு வாய்ப்பு நழுவலாம், நழுவட்டும். உண்மையை ஒளியாது பேசத்தக்க தாயோ, தமக்கையோ, தோழியோ ஒருத்தி என்றும் அருகிலிருத்தல் நன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மேடையை எட்டியும் பாராத எத்தனையோ பெண்கள், "கறுத்துப் போனாய்", "மெலிந்து விட்டாய்" என்ற தீர்ப்புகளை வீட்டு முற்றத்திலேயே கேட்டு வளர்கின்றனர். வெளியுலகின் ஏளனத்தைத் தாங்கும் வலிமை, வீட்டிலே கேட்ட அன்புமொழியிலிருந்தே பிறக்கிறது. நிலைக்கண்ணாடி உருவத்தைக் காட்டும்; அதன் பணி அவ்வளவே. தீர்ப்புக் கூறும் உரிமையை அதற்கு நாம் அளியாதிருப்போமாக.