வெளிமானின் கிடை

ஒரு காட்டுவிலங்கின் வாழ்வை அறிய விரும்புவோர், அது மேயும் இடத்தைவிடப் படுக்கும் இடத்தையே முதலில் தேடவேண்டும். மேய்ச்சல் மழையோடும் புல்லோடும் இடம்மாறும். கிடையோ எளிதில் மாறாது. பண்டை வேட்டைக்காரர் முதிர்ந்த ஆண்மானைத் தேடிச் சென்றதும் கிடையின் தடம் பற்றியே. அன்று கொல்லப் பயன்பட்ட அவ்வறிவு, இன்று காப்பதற்குப் பயன்படவேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் எனத் தெற்கே சென்றால், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967ஆம் ஆண்டு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இந்நிலத்தின் புல்வெளிகளில் வெளிமான் வாழ்கிறது. ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் புள்ளிமானின் இனத்தைச் சேர்ந்தது அன்று இது. எலும்பு அச்சின்மேல் உறைபோல் வளரும் இதன் முறுக்குக் கொம்பு வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.

புள்ளிமானும் வெளிமானும் அசைபோடுபவை. விரைந்து மேய்ந்து, நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் புல்லை நிரப்பிக்கொண்டு, அச்சமற்ற ஓரிடத்தில் படுத்து அதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும். ஆகவே கிடை என்பது உறக்கத்துக்கான இடம் மட்டுமன்று, உணவு உடலாகும் இடமும் அதுவே. கிடை கலைந்தால் விலங்கின் ஊட்டமும் குலையும்.

காட்டில் வாழும் கடமான் அடர்ந்த புதரில் மறைந்து படுக்கிறது. வெளிமானின் காப்போ மறைவில் இல்லை, தொலைநோக்கில் இருக்கிறது. தலையின் இருபுறமும் அமைந்த கண்களும், கிடைமட்டமாக நீண்ட கண்மணியும் அடிவானத்தைச் சுற்றிலும் காட்டுகின்றன. பகை தொலைவில் தெரிந்துவிட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வரை எட்டவல்ல அதன் ஓட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிறந்த குட்டி மட்டுமே முதல் நாள்களில் உயர்ந்த புல்லுக்குள் அசையாது ஒடுங்கிக் கிடக்கும்.

முதிர்ந்த கலையை, அதாவது ஆண்மானை, அறிவது அரிதன்று. இளங்கலைகள் பழுப்பு நிறத்தோடு தமக்குள் கூட்டமாகத் திரியும். முதிர்ந்ததன் முதுகு கருத்து, வயிறு வெண்மையாக ஒளிரும். அது தனக்கென ஒரு நிலத்தை வகுத்துக்கொண்டு, அதன் நடுவே பெரும்பாலும் தனித்துப் படுத்திருக்கும். கண்ணருகே உள்ள சுரப்பியின் கசிவைப் புல்நுனியிலும் சுள்ளியிலும் தேய்த்து எல்லை குறிக்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கை இடும். அக்குவியலைக் குனிந்து பார்த்தால் அதன் வரலாறு புலனாகும்: அடியில் வெளுத்து உதிர்வன பழையவை, மேலே கருமை மின்ன ஈரத்தோடு கிடப்பவை அன்றையவை. ஈரம் இருந்தால் கலை அருகில் இருக்கிறது. அங்கேயே நின்றுவிட வேண்டும். காற்று நம் முகத்தில் படும்படி நின்று, தொலைநோக்கியால் மட்டுமே அதனைக் காணவேண்டும். அது எழுந்து நின்றால், நாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொருள்.

துப்பாக்கிக்கு இன்று இங்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இடம்பெற்றுள்ளது. அதை வேட்டையாடுவோர்க்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஆனால் சட்டத்தால் தடுக்க இயலாத பகை ஒன்று நிலத்திலேயே முளைக்கிறது. அது சீமைக்கருவேலம். அது புல்லை நெருக்கி, பார்வையை மறைக்கிறது. மரம் மிகுந்தால் எவ்வுயிர்க்கும் நன்மை என்று எண்ணுகிறோம். வெளிமானுக்கோ அது கண்ணைக் கட்டுவதாகும். திறந்த வெளியில் தொலைவைக் கண்டு அஞ்சாமல் படுத்த விலங்கு, புதர் சூழ்ந்த இடத்தில் நிலைகொள்ளாது. கிடை சுருங்கினால், கலை காக்கும் நிலமும் பிணைகளாகிய பெண்மான்கள் கூடும் இடமும் சுருங்கும்.

எனவே வெளிமானைக் காப்பது என்பது அதன் புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருப்பதாகும். வல்லநாட்டிலும் கிண்டியிலும் வாழும் வெளிமான்களுக்கும் இதுவே நெறி. வெட்டவெளியைத் தரிசு என்று தள்ளாமல், அங்கே மரம் நடுமுன் யாருடைய கிடை அது என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும்.