நுரையீரல் நோய் போல நடிக்கும் இதயக் கோளாறு

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. நிமோனியா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆக்சிஜன் வைத்தும், வென்டிலேட்டர் பொருத்தியும் உதட்டின் நீலம் மாறவில்லை. எக்கோ எடுத்த பிறகே உண்மை தெரிகிறது: நுரையீரலிலிருந்து புறப்படும் சிரைகள் இதயத்தில் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

இதய மருத்துவர்கள் சுருக்கமாக டிஏபிவிசி என்று சொல்லும் பிறவிக் கோளாறு இது. இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே வருகிறது.

வழி மாறும் ரத்தம்

ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தை நுரையீரலிலிருந்து நான்கு சிரைகள் இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவர வேண்டும். கரு உருவான ஆரம்ப வாரங்களிலேயே அமைய வேண்டிய இணைப்பு அது. அமையாவிட்டால் நான்கு சிரைகளும் வேறு பாதையில் வலது பக்கம் வந்து சேர்கின்றன. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் வலது மேலறையிலேயே கலந்துவிடுகின்றன. மேலறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை வழியாக அந்தக் கலப்பு ரத்தம்தான் உடலுக்குப் போகிறது. இதயத்தில் ஓட்டை என்றாலே அஞ்சுகிறோம். இந்தக் குழந்தைகளின் உயிரைப் பிடித்து வைப்பதே அந்த ஓட்டைதான்.

தாயின் வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வருகிறது. நுரையீரலுக்குக் குறைந்த ரத்தமே போகிறது. அதனால் கரு நன்றாகவே வளரும். கர்ப்பகால ஸ்கேனில் இந்தக் கோளாறு பலமுறை தப்பிவிடுவதற்கும் அதுவே காரணம்.

அடைப்பு இருந்தால் அவசரம்

ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குச் சிரைகள் இதயத்துக்கு மேலே உள்ள பெருஞ்சிரையில் போய்ச் சேர்கின்றன. சிலருக்கு உதரவிதானத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, கல்லீரல் பக்கத்துச் சிரைகளில் சேர்கின்றன. அந்த நீண்ட வழியில் அடைப்பு ஏற்படுவது மிகச் சாதாரணம். வெளியேற முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை அதுதான். இந்தக் குழந்தைக்கு உடனடி அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை.

அடைப்பு இல்லாத குழந்தை சில வாரங்கள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிறகு பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், பாதியில் களைத்து விட்டுவிடும், எடை ஏறாது, சளி அடிக்கடி பிடிக்கும். "பிள்ளைக்குச் சளி" என்று கஷாயத்திலும் மாந்த மருந்திலும் வாரங்களைக் கடத்துவது ஆபத்து. அமைதியாகத் தூங்கும்போதும் நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாநிறக் குழந்தையின் தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

கையிலும் காலிலும் ஒரு சோதனை

கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரின் குழந்தை வடிவம் இங்கே பெரிய உதவி. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள். 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே எக்கோ வரை போக வேண்டும். 90 முதல் 94 வரை இருந்தால் திரும்பச் சோதிப்பார்கள். 2011-இல் அமெரிக்க அரசு பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சில நிமிட வேலை, வலியும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் இந்தச் சோதனை நடந்ததா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். ஆனால் டிஏபிவிசி உள்ள சில குழந்தைகளுக்கு அளவு 95-ஐத் தொடுவதும் உண்டு. ஆகவே எண் நன்றாக இருந்தாலும் மூச்சிரைப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

அறுவைக்குப் பின்

சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு, சிரைகள் கூடும் இடத்தை இடது மேலறையோடு தைத்து இணைத்து, ஓட்டையையும் மூடுகிறார்கள். குறித்த நேரத்தில் அறுவை முடிந்த பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஓடி விளையாடுகிறார்கள். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டியதில்லை: தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு இடமுண்டு.

சிலருக்குத் தைத்த இடமோ சிரைகளோ மீண்டும் சுருங்கக்கூடும். அது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தலைகாட்டும் என்பதால், குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவர் குறித்த நாளில் எக்கோ எடுப்பதைத் தவறவிடக் கூடாது.